ஃபார்மலினில் இடும் முன் ஒரு துண்டுத் தசை: குமரி மாவட்டக் கல்லூரி விலங்கியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

கோதையாற்றிலும் பரளியாற்றிலும் பழையாற்றிலும் பிடிக்கும் கெளுத்தி மீன்களைக் கல்லூரி அருங்காட்சியகத்துக்காக ஃபார்மலினில் இடும் முன், ஒவ்வொன்றின் வலப்பக்கத்திலிருந்தும் சிறு தசைத் துண்டை எடுத்து எத்தனாலில் (சாராயத்தில்) தனியே வைக்குமாறு வேண்டுகிறேன். அளவுகள் வழக்கமாக இடப்பக்கத்தில் எடுக்கப்படுவதால் மீனின் மதிப்பு குறையாது. ஃபார்மலின் உடலைக் காக்கும், டி.என்.ஏ.வையோ சிதைத்துவிடும்.

ஒரு கெளுத்தி எந்த இனம் என்று அறிய மீசைகளின் நீளம், கொழுப்புத் துடுப்பின் (முதுகுத் துடுப்புக்குப் பின்னுள்ள சதைத் துடுப்பின்) அடிப்பகுதி, பின்மண்டை எலும்பின் முனை முதுகுத் துடுப்பை எட்டுகிறதா என்பது போன்றவற்றைப் பார்க்கிறோம். ஆனால் இவற்றுள் சில மீன் வளரும்போதே மாறுபவை. உடற்பட்டைகளோ போத்தலில் மங்கிவிடும். கேரளத்தின் செம்புரைக்கல் நிலத்தடி நீரில் வாழும், கண்ணில்லாத சிவந்த கெளுத்தியான ஹோராகிளானிஸ் பாப்புலி 2023இல் விவரிக்கப்பட்டபோது, அதன் உறவினங்களிடமிருந்து அதைப் பிரித்துக் காட்டியது உடல் தோற்றமன்று, மரபணுதான். கிணற்று நீரோடு வந்த மீன்களை எடுத்துக் கொடுத்த ஊர் மக்களின் பங்கு அதில் பெரிது.

அதற்காக மரபணு வரிசை மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டைக் கெளுத்திக்கு 1794இல் ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் பெயரிட்டது தரங்கம்பாடியிலிருந்து சென்ற மீனைக் கொண்டு. அந்தப் பெயர் அப்பகுதி மீனுக்கே உரியது. ஆகவே நம் ஆற்று மீன் அதனின்று வேறுபட்டது என்று சொல்ல விரும்புபவர், தரங்கம்பாடிப் பகுதி மீனின் எலும்பையும் மரபணுவையும் நம் மீனுடையவற்றோடு ஒப்பிட்டாக வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் பெயர் சூட்டுவது பின்வருவோருக்குக் குழப்பத்தையே விட்டுச்செல்லும் என்பது என் உறுதியான கருத்து.

பிடித்த இடத்தையும் துல்லியமாக எழுதுங்கள். பரளியாற்றிலுள்ள புத்தன் அணையிலிருந்து பிரியும் கால்வாய்கள் மேற்கேயுள்ள கோதையாறு, பரளியாறு ஆகியவற்றின் நீரைப் பழையாற்றுப் பாசனப் பரப்புக்கும் கொண்டுசெல்வதால், கிழக்கே கிடைக்கும் மீன் பழையாற்றுக்கே உரியதா, கால்வாயில் வந்ததா என்ற கேள்வி எப்போதும் எழும். வடசேரிச் சந்தையில் வாங்கிய மீனுக்கு ஆற்றின் பெயரை எழுதவே வேண்டாம்.

மீன் இருக்கும் போத்தலுக்கும் தசை இருக்கும் குப்பிக்கும் ஒரே எண்ணை இடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும் என்பதால், தடித்த தாளில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தக்கலை