தாலி ஏறிய கையோடு விமானமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு தாயார் தன் மகளுக்கு வந்திருக்கும் அமெரிக்க வரனைப் பற்றி யோசனை கேட்டிருந்தார். "கிரீன் கார்டு மாப்பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம். தாலி ஏறிய கையோடு பெண் விமானம் ஏறிவிடலாம்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை என் மகள்தான் கொண்டுவந்து காட்டினாள். அவள் கழுத்தில் தாலி ஏறி இந்த ஆவணியோடு மூன்று வருடம். கரூரில்தான் இருக்கிறாள்.

உங்களுக்குத் தெரியாததா? எச்-1பி என்கிற வேலை விசாவில் இருக்கிற பையன், கட்டினவளை எச்-4 என்கிற குடும்ப விசாவில் சில மாதங்களில் கூட்டிப் போய்விடுகிறான். குடியுரிமை வாங்கியவரின் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீடு என்ற தடையே கிடையாது. இரண்டுக்கும் நடுவில், நிரந்தரமாகத் தங்க அனுமதி மட்டும் வாங்கிய கிரீன் கார்டுக்காரரின் மனைவிதான் வரிசையில் நிற்க வேண்டும். எஃப்2ஏ என்று அந்த வரிசைக்குப் பெயர். உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 87,900 இடம். அதிலும் 21 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத பிள்ளைகளும் பங்குக்கு வருவார்கள். வங்கியில் 34 வருடம் கணக்கு எழுதியவன் நான். கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்க்கத் தெரியவில்லை.

மாப்பிள்ளை 2022 நவம்பரில் இவளுக்காக மனுப் போட்டார். அப்போது இந்த வகையில் காத்திருப்பே இல்லை, மனு தேறி மும்பையில் நேர்முகம் முடிந்தால் போதும் என்றார்கள். சரி, ஒரு வருடம்தானே என்று நாங்களும் இருந்தோம். அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடுகிற விசா பட்டியலில், 2023 ஏப்ரலில், 2020 செப்டம்பர் 8-க்கு முன் மனுப் போட்டவர்களுக்கு மட்டும்தான் விசா என்று வந்துவிட்டது. அன்று முதல் மாதாமாதம் அந்தப் பட்டியலைப் பஞ்சாங்கம் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சுற்றுலா விசாவில் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்று கேட்டும் பார்த்தோம். கணவர் அங்கே, குடியேற்ற மனு வேறு நிலுவையில் என்றால் திரும்பி வருவாள் என்று எவன் நம்புவான்? இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையும் இங்கே வந்து நிம்மதியாக இருக்க முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கினால் குடியுரிமைக்காக அங்கே தொடர்ந்து வசித்துக் காட்ட வேண்டிய ஐந்து வருடக் கணக்கு சிக்கலாகும். வேலையும் இருக்கிறது. வருடத்துக்கு மூன்று வாரம் வருகிறார், பாவம். அந்த மூன்று வாரத்தில் பாதி, உறவுக்காரர் வீட்டு விருந்துகளிலேயே போய்விடுகிறது.

கல்யாணத்துக்கு முன்பே கோயம்புத்தூர் வேலையை விட்டாள் என் மகள். போகிறவளுக்கு வேலை எதற்கு என்று நான்தான் சொன்னேன். 23 கிலோ, 23 கிலோ என்று எடை போட்டுக் கட்டிய இரண்டு பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. போன மாதம் இறக்கிப் பார்த்தால் சாம்பார் பொடியில் வண்டு. என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கொட்டிவிட்டு மறுபடி மிளகாய் காயப் போட்டாள். எதிர் வீட்டு அம்மாள் அன்றைக்கும் கேட்டார்: "இன்னும் போகலையா?"

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. தையிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் சம்பந்தி. நான்தான், கார்டு கையில் வரட்டும் என்று ஆவணிக்குத் தள்ளினேன். ஆராய்ச்சிப் படிப்புப் படித்தவர் என்பதால் மாப்பிள்ளைக்கு வைகாசியிலேயே கார்டு வந்துவிட்டது. அதற்கு முன்பே தாலி கட்டியிருந்தால் அவர் தன் கார்டுக்குப் போட்ட மனுவை வைத்தே இவளும் போயிருக்கலாமாம், இந்தத் தனி வரிசை இல்லாமல். எனக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தது எது தெரியுமா? 2021 தீபாவளி மலரில் நீங்கள் போட்ட கட்டுரை. "கார்டு வந்த பிறகு பேசி முடிப்பதே புத்திசாலித்தனம்." வெட்டி எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன். நியூ ஜெர்சியில் பொங்கல் கோலம் போடுவதற்கு மூன்று வண்ணப் பக்கம் ஒதுக்கத் தெரிகிறது. இந்த விவரத்துக்குக் கால் பக்கம் கிடைக்கவில்லை உங்களுக்கு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மணமகள் தேவை பக்கத்தில் "அமெரிக்க வரன்" என்று மொட்டையாகப் போடாதீர்கள். எச்-1பியா, கிரீன் கார்டா, குடியுரிமையா, கார்டு என்றால் எந்த மாதம் வந்தது என்று ஒரு வரி வாங்கிப் போடுங்கள். கேள்வி கேட்ட அந்தத் தாயாருக்குத் திருத்தத்தையும் அதே பக்கத்தில், அதே எழுத்தில் போடுங்கள்.

சென்ற முறை கரூர் ரயில் பற்றி நான் எழுதிய கடிதத்தில் பாதியை வெட்டிவிட்டீர்கள். இதையும் வெட்டுவதானால் சாம்பார் பொடியை வெட்டுங்கள், தேதிகளில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்,
கரூர்.