வாய்தா போதும், தேதி சொல்லுங்கள்

டெல்லியிலும் கொழும்பிலும் அமர்ந்து மீனவர் பிரச்சினையைப் பேசுகிற அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். கடலில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை படகு, எத்தனை பேர், யார் எந்தச் சிறையில் என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். எல்லை தாண்டியதாக இலங்கையில் பிடித்துவைத்திருக்கிற என் படகின் வழக்கு, போன வாரம் அங்கே கோர்ட்டில் ஏழாவது தடவையாகத் தள்ளிப்போனது. அந்த எரிச்சலில்தான் இந்த மடல். எங்காவது சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாடுகளும் சேர்ந்து அமைத்த மீன்வளக் கூட்டுப் பணிக்குழு அடுத்து என்றைக்குக் கூடும் என்று ஒரு தேதி சொல்லுங்கள். அந்த மேசையில் இந்தக் கரை மீனவனுக்கும் அந்தக் கரை மீனவனுக்கும் ஆளுக்கொரு நாற்காலி போடுங்கள். அவ்வளவுதான்.

என் படகில் போன ஐந்து பேரும் ஊர் திரும்பிவிட்டார்கள். அதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி. படகு மட்டும் வரவில்லை. ஆட்களுக்கு ஒரு வழக்கு, படகுக்குத் தனி வழக்கு. படகு வழக்கில் உரிமையாளர் ஆவணங்களோடு நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் படகு அந்நாட்டு அரசுடைமை. சட்டம் அப்படி, சரி. ஆனால் அந்த ‘நேரில்’ என்ற ஒரு சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று உங்களில் யாராவது நடந்து பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை.

முதல் தடவை கூப்பிட்டபோது என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகை மீட்க, முறைப்படி எல்லை தாண்டுவதற்கு பாஸ்போர்ட் எடுத்தேன். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே நின்று கைப்பேசியைத் திறந்தால் சில நேரம் இலங்கைக்கு வரவேற்று குறுஞ்செய்தியே வந்துவிடும். கைப்பேசிக்குக் கிடைக்கிற அந்த வரவேற்பு எனக்குக் கிடைக்காது. நான் முதலில் பஸ் ஏறி எதிர்த்திசையில் மதுரைக்குப் போக வேண்டும். அங்கிருந்து விமானத்தில் கொழும்பு. கொழும்பில் இறங்கி இரவு பஸ் பிடித்து, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பி வந்து, விடியற்காலையில் மன்னாரில் இறங்க வேண்டும். அந்தக் கடற்கரையில் நின்று பார்த்தால் எதிரே என் ஊர் இருக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, நான் இரண்டு நாட்டைச் சுற்றித் தொடுகிறேன்.

முகம் கழுவி, சட்டை மாற்றி, கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்தால் என் வழக்கைக் கூப்பிட மதியம் ஆகும். கூப்பிட்ட இரண்டாவது நிமிஷம் தள்ளிவைத்துவிடுவார்கள். ஒரு தடவை ஏதோ அறிக்கை வரவில்லை. ஒரு தடவை மொழிபெயர்ப்பு தயாராகவில்லை. இன்னொரு தடவை காரணம் எனக்குப் புரியவே இல்லை. வக்கீல் செலவையும் சேர்த்து ஒரு பயணத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. மனைவியின் கழுத்தில் இருந்தது நாலாவது பயணத்திலேயே அடகுக்கடைக்குப் போய்விட்டது.

நாம் வாய்தா என்று சொல்வதை அங்கே தவணை என்கிறார்கள். “உங்களுக்கு அடுத்த தவணை இருபதாம் திகதி” என்று வக்கீல் முதன்முதலில் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு எப்படி நம்ம பேங்க் கடன் தெரியும் என்று நினைத்தேன். இப்போது இரண்டு தவணையும் எனக்கு இருக்கிறது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று. இங்கே உள்ளதைத் தள்ளிவைக்க மாட்டேன் என்கிறார்கள்.

2025 ஏப்ரல் 6 அன்று நம் பிரதமர் இலங்கைப் பயணத்தை முடித்துக்கொண்டு ஹெலிகாப்டரில் நேராக எங்கள் பக்கம் வந்து இறங்கி, புதிய பாம்பன் பாலத்தைத் திறந்துவைத்தார். பாலம் நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு நேராக வரவும் முடியும் போலிருக்கிறது! நாங்கள் ஹெலிகாப்டர் கேட்கவில்லை. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஓடிய கப்பலைத்தான் கேட்கிறோம். 1964 புயலில் தனுஷ்கோடியே போன பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது. எண்பதுகளில் நின்றது, நின்றதுதான். 2023இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள், மகிழ்ச்சி. எங்கள் துறைக்கு மட்டும் பேச்சு வருகிறது, கப்பல் வரவில்லை. அதே பயணத்தில் பாதுகாப்புக்கு ஒப்பந்தம், இரு நாட்டு மின்கட்டமைப்பை இணைக்க ஒப்பந்தம், திருகோணமலைக்கு ஒப்பந்தம் என்று வரிசையாகக் கையெழுத்தானது. கடலைத் தாண்டி மின்சாரம் போகலாம், வரலாம். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம். மீனவர் விஷயத்தை மனிதாபிமானத்தோடு அணுக ஒப்புக்கொண்டிருப்பதாகவும் அன்றைக்குச் சொன்னார்கள். அந்த மனிதாபிமானம் எந்தத் தேதியில் அமலுக்கு வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இனி நான் சொல்லப்போவது எங்கள் ஊரிலேயே சிலருக்குப் பிடிக்காது.

மூன்றாவது பயணத்தில் கோர்ட்டுக்கு எதிரே இருந்த கடையில் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மன்னார் பக்கத்துப் பேசாலை ஊர் மீனவர், வேறு ஏதோ காணி வழக்குக்கு வந்தவர். என் பேச்சைக் கேட்டதும் “ராமேஸ்வரமோ?” என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “திங்கள், புதன், சனி உங்கட நாள் தம்பி. அண்டைக்கு நாங்கள் கடலுக்குப் போறேல்லை.”

கடலுக்குப் போக எங்களுக்கு அனுமதி டோக்கன் கொடுக்கிற நாள்கள் அவை. வாரத்தில் அந்த மூன்று நாள்தான் விசைப்படகு போகலாம், மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. இங்கே ராமேஸ்வரத்தில் போட்ட ஒழுங்கு, அங்கே ஒருவர் வீட்டில் அடுப்பெரியாத நாள்களாக இருக்கிறது. “ஒருக்கால் தெரியாமல் வலை போட்டனான். விடியப் போய்ப் பார்த்தால் கயிறு மட்டும் கிடக்குது. வலை கடனுக்கு எடுத்தது. ஆர் கட்டுறது?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சும்மா, மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். டீக்காசை அவர்தான் கொடுத்தார். நான் எவ்வளவோ தடுத்தும் விடவில்லை.

அவர் வலையை அறுத்தது என் விசைப்படகு இழுத்துப்போன மடிவலையா, இன்னொருவர் மடியா, தெரியாது. ஆனால் அறுத்தது நம் கரை மடிதான். அதை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடவே இதையும் சொல்லவேண்டும். இழுவை மடி எங்கள் பாட்டன் கொடுத்த சொத்து இல்லை. இறால் டாலர் கொண்டுவரும் என்று அரசாங்கமே அந்தக் காலத்தில் மானியமும் பயிற்சியும் கொடுத்து இறக்கிவிட்ட தொழில் இது. அந்தக் கரையில் 2009 வரை போர். அங்குள்ளவர்களைக் கடலில் இறங்கவிடாத வருஷங்களில் நாங்கள் அந்தப் பக்கம் மடி இழுத்துப் பழகிவிட்டோம். அவர்கள் திரும்பி வந்தபோது கடல் ஒன்றாகவும் ஆள் இரண்டாகவும் இருந்தோம். 2017இல் இலங்கை இழுவை மடிக்குத் தடை போட்டது. அடுத்த வருஷம் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம் புரிகிறது.

இந்தப் பக்கம் மாற்றுவழி என்று 2017இல் ஆழ்கடல் திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மிச்சத்தில் 8 லட்சம் கைக்காசு, 16 லட்சம் கடன். கைக்காசு 8 லட்சம் இருக்கிறவன் ஏன் ஐயா எல்லைக்குப் போய் நிற்கப்போகிறான்? ஆழ்கடலில் சூரை மீன் பிடிப்பது வேறு தொழில். வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும், அதற்கான ஆள் வேண்டும், துறை வேண்டும். ஒரு நாள் போய் மறுநாள் காலையில் திரும்புகிற எங்களுக்கு அது விவசாயியைக் கூப்பிட்டு மலையேறச் சொன்ன மாதிரி. போனவர்கள் சிலர் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை.

தேர்தல் வந்தால் எங்களுக்குக் கச்சத்தீவு வந்துவிடும். 1974இல் யார் கொடுத்தார்கள், 1976இல் யார் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று மேடைக்கு மேடை கேள்வி. 285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர் கிடையாது, அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வருஷத்தில் இரண்டு நாள் போய்வருகிறோம். ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் தீவு மறுபடி கடலுக்குள் போய்விடும். அடுத்த ஐந்து வருஷத்துக்கு அதன் பெயரைச் சொல்ல ஆளிருக்காது.

எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும், கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

2016 நவம்பரில் டெல்லியில் இரு நாட்டு அமைச்சர்கள் கூடிப் பேசினார்கள். அதற்குச் சில நாள் முன்பு இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் அங்கே உட்கார்ந்து பேசியிருந்தார்கள். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் பேசியதன் தொடர்ச்சி அது. அன்றைக்கு நீங்கள் கூட்டாக அறிவித்தது இது: கூட்டுப் பணிக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும், அமைச்சர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்திப்பார்கள். முதல் கூட்டம் அந்த டிசம்பர் 31 அன்றே நடந்தது. ஆறாவது கூட்டம் கொழும்பில் 2024 அக்டோபர் 29 அன்று நடந்தது. நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை, இருந்தாலும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்தத் தேதிக்குள் முப்பதுக்கு மேல் நடந்திருக்க வேண்டும். நடந்தது ஆறு. கடன் தவணையில் நான் இப்படிக் கணக்குக் காட்டியிருந்தால் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

நீங்கள் கூடாமல் போன ஒவ்வொரு மூன்று மாதத்திலும் கடல் சும்மா இருக்கவில்லை. ஆள் பிடிபட்டது, படகு போனது, அந்தப் பக்கம் வலை அறுந்தது. 2022 பிப்ரவரியில் 105 படகுகளை ஏலத்துக்கு அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் எங்கள் ராமேஸ்வரத்து ஆள் ஒருவர் கச்சத்தீவுப் பக்கம் உயிரையே விட்டார். கொரோனா இருந்தது, பொருளாதார நெருக்கடி இருந்தது, ஆட்சி மாறியது என்று காரணங்கள் இருக்கும். அதே காலத்தில் மற்ற ஒப்பந்தங்களுக்கு மட்டும் எப்படித் தேதி கிடைத்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஐந்தாவது பயணத்தில் என் படகைப் பார்த்தேன். கட்டிவைத்திருந்த இடத்துக்கு வெளியே, கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க மட்டும் அனுமதி. மரப்படகு, இரண்டு வருஷமாக எண்ணெய் காட்டவில்லை. பலகை வாய் பிளந்துவிட்டது. ஒரு பக்கம் சரிந்து சேற்றில் உட்கார்ந்திருந்தது. டிஎன் 10 என்ற பதிவு எண் பாதி உரிந்துபோய்விட்டது. படகின் முன்பக்கம், அணியத்தில் எழுதிய மகள் பெயரில் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. என்ஜின் இருக்கிறதா இல்லையா என்று அங்கிருந்து தெரியவில்லை. நாளைக்கே தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தாலும் அதைக் கடலில் இழுத்துக்கொண்டு வர முடியாது. வக்கீலிடம் சொன்னேன். “அதுக்காக வராமல் விட்டிடாதேங்கோ” என்றார். அவர் சொல்வதும் சரிதான். வராமல் விட்டால் உள்ளதும் போய்விடும்.

எனவே என் படகுக்காக இந்தக் கோரிக்கை இல்லை, அது போனது போனதுதான். கூட்டுப் பணிக்குழுவின் அடுத்த கூட்டத்துக்குத் தேதி சொல்லுங்கள். நாற்காலி இரண்டு கூடுதலாகப் போடுங்கள். மடியை எத்தனை வருஷத்தில், எந்த உதவியோடு நாங்கள் விடமுடியும் என்று நாங்களே பேசுகிறோம். அதுவரை எந்த நாள் யாருக்கு, எவ்வளவு தூரம் என்பதை அந்தப் பேசாலைப் பெரியவரும் நானும் ஒரு டீ நேரத்தில் பேசிவிடுவோம் என்று சொல்ல மாட்டேன், ஒரு வாரம் ஆகலாம். அதோடு, படகு வழக்கில் உரிமையாளர் இங்கிருந்தே காணொளியில் ஆஜராகலாம் என்று ஒரு ஏற்பாட்டையும் இரண்டு அரசுகளும் சேர்ந்து யோசித்துப் பாருங்கள். உங்கள் கூட்டங்களே காணொளியில் நடந்திருக்கின்றனவே.

என் அடுத்த தவணை அடுத்த மாதம் முதல் வாரத்தில், ஒரு புதன்கிழமை. பெரியவரின் காணி வழக்கும் அன்றைக்குத்தான். இந்தத் தடவை டீக்காசு நான் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஒரு தேதி கிடைத்தால் அவரிடமும் சொல்லிவிடுவேன். தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர் ஒருவர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.