சம்பந்தி வீட்டில் சொல்லிவிடப் போகிறேன்

அன்புள்ள மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் தடுமாறுவேன். அதனால் எழுதித் தம்பியிடம் கொடுக்கிறேன், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். எழுத்து போகப் போகச் சிறுத்துவிடும், பொறுமையாகப் படி.

தம்பி கல்யாணம் முடியும்வரை, எனக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் என்ற நரம்பு நோயைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்கிறாய். உன் பயம் புரிகிறது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

அமெரிக்காவில் ரிச் கிளிஃபோர்டு என்று ஒரு விண்வெளி வீரர் இருந்தார். ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிவிட்டு நாசாவுக்கு வந்தவர். 1994-ல் இரண்டாவது தடவை விண்வெளிக்குப் போய்த் திரும்பிய சில மாதங்களில், வழக்கமான பரிசோதனைக்குப் போனார். நடக்கும்போது வலது கை வீசாமல் இருந்ததை டாக்டர் கவனித்துவிட்டார். பார்க்கின்சன். அப்போதுதான் நாற்பதைத் தாண்டியிருந்தார்.

என் கையையும் அம்மா அப்படித்தானே கண்டுபிடித்தாள்! கோயில் பிரகாரத்தில் எனக்குப் பின்னால் வந்தவள், "என்னங்க, இடது கையை மட்டும் ஏன் கட்டிப்போட்ட மாதிரி வெச்சிருக்கீங்க?" என்றாள். நடுக்கம் ரொம்பப் பிறகுதான் வந்தது.

நாசா அவரை வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. கண்காணிப்பில் வைத்துக்கொண்டு, பறக்கலாம் என்றது. 1996 மார்ச்சில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தில் மூன்றாவது தடவை போனார். ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தோடு ஓடம் இணைந்திருந்தபோது, லிண்டா காட்வின் என்ற வீராங்கனையோடு வெளியே இறங்கி, ஆறு மணி நேரத்துக்கும் மேல் வேலை பார்த்தார். மிர்ரின் வெளிப்பக்கத்தில் ஆய்வுக் கருவிகளைப் பொருத்தும் வேலை. அந்த உடைக்குள், காற்றடைத்த கையுறையில் விரலை மடக்குவதே பெரும்பாடு. இதைப் படித்த ராத்திரி சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் செல்வி, அவருக்கு இந்த நோய் இருப்பது மிகச் சிலருக்குத்தான் தெரியும். 15 ஆண்டுகளுக்கும் மேல் ஊர் உலகத்துக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்புறம் அவரே வெளிப்படையாகப் பேச ஆரம்பித்து, மற்ற நோயாளிகளுக்குத் தைரியம் சொன்னார். அவர் வாயைத் திறந்ததால்தான் இந்தக் கதை என்வரைக்கும் வந்தது. 2021 டிசம்பரில், 69 வயதில் காலமானார்.

நிச்சயதார்த்தத் தட்டு மாற்றும்போது என் கை ஆடினால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான். அதற்கு உண்மையையே சொல்லிவிடலாம். பரம்பரை நோயா என்று கேட்பார்கள், கேட்கட்டும். பெரும்பாலும் அப்படி வருவதில்லை என்று நரம்பியல் டாக்டர் நம்மிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் அவரிடமே கூட்டிப்போகிறேன். நாளைக்கு இந்த வீட்டில் வாழப்போகிற பெண், மாமனாரின் நோயைத் தானாகக் கண்டுபிடிக்கும்படி விடுவது நியாயமே இல்லை. தம்பியிடம் கேட்டேன். "சொல்லிடுங்கப்பா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அம்மாவும் போகிறோம். அதற்குள் உனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் கூப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா