போத்தலின் அடியில் மண்டி இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் கடையில் சைடர், அதாவது அப்பிள் மது, வைக்கும் இறாக்கையை மாற்றி அடுக்கினோம். இரண்டாம் நாளே ஒரு அண்ணா போத்தலோடு திரும்பி வந்தார். “தம்பி, இது பழுதாப் போச்சு. கலங்கிக் கிடக்கு, அடியில மண்டி வேற.” காசைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் போத்தலில் ஒரு பழுதும் இல்லை. இரவு கடை பூட்டியபின் நாங்களே குடித்து முடித்தோம். இறாக்கையில் ஒரு வரி எழுதி ஒட்டாதது எங்கள் பிழைதான். அதற்காகத்தான் இந்த மடல்.

அது வெஸ்டன்ஸின் ஓல்ட் ரோஸி. வெஸ்டன்ஸ், இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் மச் மார்க்கல் என்ற ஊரில் 1880இல் தொடங்கிய சைடர் ஆலை. வடிகட்டாமல் அடைப்பதால் அந்தக் கலங்கல். கள்ளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதுசா என்ன? பியருக்குத்தான் தானியத்தை ஊறவைத்து, அவித்து என்று ஆயிரம் வேலை. சைடருக்கு அப்பிளை அரைத்துப் பிழிந்து சாற்றைப் புளிக்க விடுவார்கள். ஊற்றுமுன் போத்தலை மெதுவாக ஒருதரம் சரித்து நிமிர்த்துங்கள், போதும்.

அடுத்த முறைப்பாடு, “கயர்க்குது.” கயர்க்கத்தான் வேண்டும்! சோமர்செட், ஹெரிஃபோர்ட்ஷயர் தோட்டங்களில் சைடருக்கென்றே வளர்க்கும் அப்பிள்கள் சாப்பிடுகிற சாதி அல்ல. அதில் ஒரு சாதியான டாபினெட் பழத்தைக் கடித்தால் முதலில் இனிக்கும், அப்புறம் பச்சைப் பாக்கு மென்றதுபோல நாக்கை இழுத்துப் பிடிக்கும். வெள்ளைக்காரர் டானின் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் இந்தத் துவர்ப்பு, எங்களுக்கு அறுசுவையில் ஒன்று. கிங்ஸ்டன் பிளாக் என்ற இன்னொரு பழத்தில் துவர்ப்போடு புளிப்பும் சேர்ந்திருக்கும். சோமர்செட்டில் டோன்டன் பக்கம் ஷெப்பீஸ் குடும்பம் 1816இலிருந்து சைடர் செய்கிறது. அவர்களுடைய டாபினெட் போத்தலில் தொடங்குங்கள் என்பது எங்கள் யோசனை. பன்றி இறைச்சிக் கறியின் கொழுப்பை அது நன்றாக வெட்டும்.

துவர்ப்பு ஒத்துவராதா? சரி, கிழக்குப் பக்கம் வாருங்கள். கென்ட், சஃபோக் பகுதிகளில் சாப்பிடுகிற, சமைக்கிற அப்பிளிலேயே சைடர் செய்வது வழக்கம். லேசாக, புளிப்பாக, வெள்ளை வைன் சாயலில் இருக்கும். சஃபோக்கின் ஆஸ்பால் 1728இலிருந்து இருக்கிற பெயர்.

இறாக்கையில் மலிவு சைடர் டின்கள் ஏன் குறைந்தன என்றும் கேட்கிறார்கள். பிரித்தானியச் சட்டப்படி 35 வீதம் அப்பிள் சாறு இருந்தாலே சைடர் என்று விற்கலாம். மிச்சத்தைத் தண்ணீரும் சீனியும் பார்த்துக்கொள்ளும்.

ஒரு விஷயம், பியர் என்று நினைத்து மடமடவென்று குடிக்காதீர்கள். 7 வீத மதுசாரம் உள்ள சைடர் அரை லீட்டர் போத்தலில் மூன்றரை யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லிலீட்டர் சுத்த மதுசாரம்) இருக்கிறது. கார்ச் சாவியை வீட்டில் கொடுத்துவிட்டுத் திறவுங்கள். ஐஸ் போடவும் வேண்டாம், சுவை செத்துப்போகும்.

ஓல்ட் ரோஸி இன்னும் ஆறு போத்தல் இருக்கிறது. அந்த அண்ணா வந்தால் ஒன்று எங்கள் கணக்கில்.

அன்புடன்,
உங்கள் மூலைக்கடைக்காரர்