இரண்டாம் பருவம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக நடந்து வருகிறது. அரையாண்டுத் தேர்வுக்கான பாடங்கள் முடியும் தறுவாயில் உள்ளன. விளையாட்டுப் போட்டிகளில் பரிசுகள் வந்துள்ளன. அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக அமைந்தது. அனைவருக்கும் வாழ்த்துகள்.

ஆண்டு விழாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு ஜப்பானிய நாட்டுப்புறக் கதையை நடிக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைக்கப்பட்ட கதை அது. வலது கன்னத்தில் கழலை உள்ள கிழவர் ஒருவர் மழைக்கு மரப்பொந்தில் ஒதுங்குகிறார். எதிரே ‘ஓனி’ என்னும் கொம்பு வைத்த அரக்கர்கள் கூத்தாடுகிறார்கள். ஆசை தாங்காமல் அவரும் இறங்கி ஆடுகிறார். சொக்கிப்போன அரக்கர்கள், இவர் மறுபடி வர வேண்டுமே என்று கழலையை அடகாகப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இடது கன்னத்தில் கழலை உள்ள பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேள்விப்பட்டு ஓடுகிறார். அவருக்கு ஆட்டம் வரவில்லை. அடகு வைத்ததையும் அவர் முகத்திலேயே ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

ஜப்பானில் பிப்ரவரித் தொடக்கத்தில் வரும், ஓனிகளை விரட்டும் ‘செட்சுபுன்’ நாளுக்குச் சிறு பிள்ளைகள் தாங்களே காகிதத்தில் ஓனி முகமூடி செய்வதுண்டு. நம் பிள்ளைகளும் பலூன் மேல் பழைய செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தார்கள். வசனம் கேட்க வேண்டும் என்பதால் மேலுதட்டோடு நிறுத்தி வெட்டினார்கள். கண் துளைகளை அவரவர் முகத்தில் வைத்துப் பார்த்துக் குறித்தார்கள்.

வண்ணம் பூச வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். திரும்பி வந்தவற்றில் பல, இங்கிருந்து போனவை அல்ல. தெர்மாகோலில் செதுக்கியவை, ஜிகினா ஒட்டியவை, ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் முகங்கள். பிள்ளை மேடையில் அழகாகத் தெரிய வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. வேலை விட்டு வந்து இரவில் உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். ஆனால் ஒரு மாணவன், கொம்பு ஒரு பக்கம் சாய்ந்த தன் பழைய முகமூடியைப் புத்தகப் பைக்குள் மடித்து வைத்திருந்தான். “இது நல்லா இல்லைன்னு வீட்டுல சொன்னாங்க” என்றான். அந்தக் கொம்பு நிற்பதற்காக அவன் பசை போதாமல் மூன்று முறை பிரித்து ஒட்டியதை எங்கள் கைவேலை ஆசிரியை பார்த்திருக்கிறார்.

ஒத்திகையில் இன்னொன்றும் நடந்தது. பிளாஸ்டிக் முகமூடியின் கண் துளை சரியாகப் பொருந்தாமல் ஒரு பிள்ளை படியில் இடறினாள். நல்லவேளை, அடியில்லை.

ஆகவே உறுதியாகச் சொல்கிறேன். கடையில் வாங்கியதும் பெரியவர்கள் செய்ததும் மேடை ஏறாது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை. என்னிடம் வந்து கேட்க வேண்டாம். பிள்ளைகள் செய்த முகமூடியை வரும் திங்கட்கிழமைக்குள் அப்படியே கொடுத்தனுப்புங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, இங்கே ஒட்டிக்கொள்வோம். தூக்கிப்போட்டிருந்தால் பிள்ளையை மட்டும் அனுப்புங்கள். பலூனும் பசையும் தயாராக இருக்கின்றன.

கட்டுக் கட்டாகச் செய்தித்தாள் கொடுத்தவர்களுக்கும், பழைய வேட்டிகளில் கிழவர் உடை தைத்துத் தந்த பாட்டிமார்களுக்கும் மனமார்ந்த நன்றி. விழாவன்று முன்வரிசையில் உங்களை எதிர்பார்க்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்