பஃபலோ பில்ஸ் 2022 சீசன்: கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் பஃபலோ பில்ஸ் அணியின் 2022 சீசனைப் பதிவேட்டில் தேடினால் ஒரே வரியில் முடிந்துவிடும்: 13 வெற்றி, 3 தோல்வி, லீக்கின் ஏஎஃப்சி கிழக்குப் பிரிவில் முதலிடம், ப்ளே ஆஃபில் சின்சினாட்டி பெங்கால்ஸிடம் 27-10 என்று தோற்று வெளியேற்றம். கூட்டிப் பார்த்தால் 16 ஆட்டம்தான் வருகிறது. 17 இருக்க வேண்டும். விடுபட்ட அந்த ஒன்று 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் தொடங்கி, முதல் குவார்ட்டரில் 5 நிமிடம் 58 விநாடி மிச்சமிருக்க நின்றுபோனது. பில்ஸின் தடுப்பாட்டக்காரர் டமார் ஹாம்லின் மைதானத்தில் விழுந்த இரவு அது.

இந்த மடலை எழுதும் நாங்கள் பில்ஸ் ரசிகர்கள்; சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) வகுப்பு எடுப்பவர்களும்கூட. டச்டவுன் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல ஊரே இருக்கிறது. எங்கள் நன்றி கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால்தான் அந்த நன்றிக்குப் பொருள் இருக்கும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி அப்போது பில்ஸின் உதவி அத்லெட்டிக் டிரெயினராக, அதாவது ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிப்பவராக, இருந்த டென்னி கெலிங்டனுக்கு. அவரோடு ஓடிவந்த இரு அணி மருத்துவக் குழுவினருக்கும்.

பெங்கால்ஸின் டீ ஹிக்கின்ஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஹாம்லின் மறித்தார். ஹிக்கின்ஸின் தோள் அவர் நெஞ்சில் இடித்தது. இந்த ஆட்டத்தில் அப்படிப்பட்ட மோதல் வாரத்துக்கு நூறு நடக்கும். ஹாம்லின் எழுந்தார், ஓரிரு அடி வைத்தார், மல்லாந்து விழுந்தார். காரணம் கொமோஷியோ கார்டிஸ், அதாவது நெஞ்சில் விழும் அடியால் இதயத் துடிப்பு குலைந்துபோவது, என்று ஏப்ரலில் அறிவித்தார்கள். இதயத்தில் எந்த நோயும் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை அடுத்த துடிப்புக்காக மின்னளவில் தன்னைத் தயார்செய்துகொள்ளும். அந்த நேரத்தில், ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே உள்ள இடைவெளியில், நெஞ்சுக்கூட்டின் மேல் சரியான இடத்தில் அடி விழுந்தால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். ரத்தம் வெளியே போகாது. மூளைக்கு ஏற்கெனவே போய்ச்சேர்ந்த ஆக்சிஜன் சில விநாடிக்குத்தான் காணும். அதனால்தான் எழுந்து நின்றவர் விழுகிறார்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மோதலுக்குப் பின் விழுந்த ஆட்டக்காரரைப் பார்த்ததும் எல்லோர் மனதும் தலைக்கும் கழுத்துக்கும்தான் போகும். அந்த சீசனிலேயே, செப்டம்பரில் டென்னசி டைட்டன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் பில்ஸின் டேன் ஜாக்சன் கழுத்து அடிபட்டு ஆம்புலன்ஸில் போனார். அதே ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்ட மைக்கா ஹைடின் இடத்துக்கு வந்தவர்தான் ஹாம்லின். ஆகவே ‘அசைக்காதே, கழுத்தைப் பிடி’ என்று நின்றுவிடுவது எளிது. நாடி இல்லை என்றால் கழுத்து இரண்டாம் பட்சம். இன்னொரு பொறி, விழுந்தவர் இடைவிட்டு மூச்சை இழுப்பது. கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பதுபோல் இருக்கும். மூச்சு இருக்கிறது என்று நினைத்துக் காத்திருப்பார்கள். அது மூச்சே இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சீராக இல்லை என்றால் அந்தக் கணமே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். சிபிஆரும் மின் அதிர்ச்சியும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

அடுத்து உடுப்பு. தொழில்முறை ஆட்டக்காரர் நெஞ்சின் மேல் கெட்டி பிளாஸ்டிக்கில் ஷோல்டர் பேட் என்ற தோள்காப்பு, அதன் மேல் இறுக்கமான ஜெர்சி. பேடுக்கு மேலே அழுத்தினால் விசை பிளாஸ்டிக்கிலேயே பரவிப்போகும்; நெஞ்சுக்கூடு தேவையான அளவு இறங்காது. ஜெர்சியை நடுவே கத்தரித்து, பேடின் முன்பக்கக் கயிற்றையும் பக்கவாட்டுப் பட்டைகளையும் வெட்டி, இரு பாதிகளையும் விரித்தால்தான் நெஞ்சு கைக்குக் கிடைக்கும். வாய்க்கு வழி வேண்டுமென்றால் ஹெல்மெட்டின் முகக் கம்பி கழல வேண்டும். அதற்கான கருவி இடுப்புப் பையில் இருக்க வேண்டும், லாக்கர் அறையில் அல்ல. பிறகு வியர்வை. ஈர நெஞ்சில் ஏஇடியின், அதாவது இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியின், ஒட்டுத்தகடு பிடிக்காது. ஏஇடி பெட்டிக்குள் துணியும் கத்தரியும் சவரக் கத்தியும் இருப்பது அலங்காரத்துக்கல்ல. ஒரு தகடு வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில்.

அழுத்தும் கணக்கும் சொல்லிவிடுகிறோம். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சை முழுக்க மேலே வரவிட வேண்டும். களைத்தவர் கையின் பாரத்தை நெஞ்சிலேயே சாய்த்துவிடுவார், அப்போது இதயத்தில் ரத்தம் நிரம்பாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். களைக்கவில்லை என்று அழுத்துபவர் சொல்வார், நம்பக் கூடாது. அதிர்ச்சி கொடுத்ததும் ‘நாடி வந்ததா’ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வகுப்பில் நாங்கள் அதிகம் திருத்தும் பழக்கம். உடனே அழுத்தலைத் தொடர வேண்டும்.

இத்தனையையும் ஒரு மைதானம் நிறைந்த கூட்டத்தின் முன்னால், நாடே நேரலையில் பார்க்கச் செய்து, அங்கேயே நாடியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்துத்தான் ஆம்புலன்ஸ் மைதானத்தை விட்டுக் கிளம்பியது. ‘ஏன் உடனே தூக்கிக்கொண்டு ஓடவில்லை’ என்று பலர் கேட்டார்கள். ஓடும் வண்டியில் நெஞ்சழுத்தம் ஆழமும் சீரும் இழக்கும். இதயம் நின்றவருக்கு முதல் சிகிச்சை விழுந்த இடத்திலேயே. அவசரப்படாமல் இருந்ததற்குத்தான் தனியாக ஒரு நன்றி.

இது திறமையால் மட்டும் நடந்ததல்ல. ஒவ்வொரு என்எஃப்எல் ஆட்டத்துக்கும் சுமார் 30 மருத்துவப் பணியாளர்கள் மைதானத்தில் இருப்பார்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது இரு அணி மருத்துவக் குழுக்களும் நடுவர்களும் சந்திப்பார்கள். மூச்சுக்குழாய் போடும் மருத்துவர் எங்கே நிற்கிறார், ஆம்புலன்ஸ் எந்த வாயிலில், எந்த மருத்துவமனை என்று எல்லாம் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். விருந்தாளி அணிக்கு அது பழகாத மைதானம் என்பதால் இந்தப் பேச்சு முக்கியம். நூறு ஆட்டத்தில் நூறு முறையும் பயன்படாமல் போகும் கூட்டம் இது. அதைச் சலிக்காமல் நடத்துகிறவர்களுக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை, இங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவமனையின் டாக்டர் திமோத்தி பிரிட்ஸ், டாக்டர் வில்லியம் நைட், அவர்களது தீவிர சிகிச்சைப் பிரிவினர் எல்லோருக்கும் எங்கள் வணக்கம். கண்விழித்த ஹாம்லின், பேச முடியாத நிலையில், ஜெயித்தோமா என்று எழுதிக் கேட்டதை நீங்கள் சொல்லித்தான் உலகம் அறிந்தது. கேள்வி கேட்டார், எழுதினார் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு வேறு ஒரு செய்தியும் சொன்னது: மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, மைதானத்தில் அழுத்திய கைகள் வேலையைச் சரியாகச் செய்திருக்கின்றன. ஜனவரி 9 அன்று பஃபலோவுக்கு மாற்றினார்கள். 11 அன்று அவர் மருத்துவமனையை விட்டு வெளியே வந்தார்.

ஆட்டத்தைத் தொடராமல் நிறுத்திய பயிற்சியாளர்கள் ஷான் மெக்டெர்மட் (பில்ஸ்), சாக் டெய்லர் (பெங்கால்ஸ்) இருவருக்கும், பில்ஸின் அறைக்கே நடந்து வந்த பெங்கால்ஸ் தலைவர்களுக்கும், சுற்றி நின்று கேமராவை மறைத்த ஆட்டக்காரர்களுக்கும் நன்றி.

பனிக்காலத்து நன்றியும் பாக்கி இருக்கிறது. நவம்பர் நடுவில் எரி ஏரியின் நீளவாக்கில் குளிர்காற்று வீசி, வெதுவெதுப்பான ஏரி நீரின் ஈரத்தை அள்ளி, ஒரு குறுகிய பட்டையாக, பில்ஸ் மைதானம் இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க் மேல் கொட்டியது. ஆறடிக்கு மேல் பனி. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ஆட்டத்தை டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டுக்கு மாற்றினார்கள். விமானம் ஏற வேண்டிய ஆட்டக்காரர்களின் வாசலை அண்டைவீட்டார் அள்ளித் திறந்தார்கள். அந்த வாரமே, பஃபலோ அடங்கிய எரி கவுண்டியில் பனி அள்ளியபோது இதயக் கோளாறால் இறந்தவர்கள் உண்டு. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு கனத்தைத் தூக்குவது இதயத்துக்கு மோசமான கூட்டு. பனியை முடிந்தவரை தள்ளுங்கள், தூக்காதீர்கள். டெட்ராய்ட் மைதான ஊழியர்களும் ஐந்து நாளில் இரண்டு பில்ஸ் ஆட்டங்களைத் தாங்கினார்கள்: பிரவுன்ஸுக்கு எதிராக 31-23, நன்றி நவிலல் நாளில் டெட்ராய்ட்டின் சொந்த அணியான லயன்ஸுக்கு எதிராக 28-25. இரண்டிலும் பில்ஸுக்கே வெற்றி. இரண்டாவதற்கு அந்த ஊழியர்கள் மகிழ்ந்திருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் பனிப்புயலில் பஃபலோ விமான நிலையம் மூடிக் கிடக்க, சிகாகோவில் ஆடிவிட்டு ராச்செஸ்டரில் இறங்கிய அணிக்கு வீடு வரை சாலையைத் திறந்து வைத்தவர்களையும் மறக்கவில்லை. அந்தப் புயலில் ஊர் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களை இழந்திருந்தது.

குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கித் தர ஹாம்லின் தொடங்கிய நிதிக்கு 2,500 டாலர்தான் இலக்கு. அது 80 லட்சம் டாலரைத் தாண்டியது. முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி.

கடைசியாக, அந்த ஜனவரிக்குப் பிறகு சிபிஆர் வகுப்புக்கு வந்த பள்ளிப் பயிற்சியாளர்களுக்கு. வந்ததற்கு நன்றி, ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் ஏஇடி பூட்டிய அலுவலக அறையில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஓடிப்போய் எடுத்து வர எத்தனை நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மூன்று நிமிடம் தாண்டினால் பெட்டியை இடம் மாற்றுங்கள். ஒட்டுத்தகட்டின் பசை இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் காய்ந்துவிடும், தேதி உறையிலேயே அச்சிட்டிருக்கும். நிலைகாட்டும் விளக்கை மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். கோடைப் பயிற்சி தொடங்குமுன் ஷோல்டர் பேட் ஒன்றை சிபிஆர் பயிற்சிப் பொம்மைக்கு மாட்டி, வெட்டிப் பழகுங்கள். பழைய பேடு போதும்.

நன்றியுடன்,
பில்ஸ் ரசிகர்களான சிபிஆர் பயிற்றுநர்கள்