டூரான் டூரானைப் பார்க்கப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

டூரான் டூரான் அடுத்து லண்டனில் மேடை ஏறினால் போயே தீருவேன் என்று எழுதியிருந்தாய். போயிட்டு வா. 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கிய பாப் இசைக்குழு அது. அதன் பாடகர் சைமன் லெ பானுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற வயதில்லை.

அந்த வயதுதான் உன் செலவுத் திட்டத்தையும் முடிவு செய்ய வேண்டும். 2011-ல் லெ பானுக்கு மேல் ஸ்தாயி எட்டாமல் போய், இங்கிலாந்துக் கச்சேரிகளை ஒத்திவைத்தார்கள். ஜெனிசிஸ் குழு 2021 அக்டோபரில் கோவிட்டால் நின்றுபோன லண்டன் கச்சேரிகளை 2022 மார்ச்சில்தான் நடத்தி முடித்தது. இப்படித் தள்ளிப்போனால் டிக்கெட் புதுத் தேதிக்குச் செல்லும், விமானமும் ஓட்டலும் செல்லாது. அடியோடு ரத்தானாலும் திரும்பி வருவது டிக்கெட் பணம் மட்டும்தான். பயணக் காப்பீடு உனக்குக் காய்ச்சல் வந்தால் பணம் தரும். பாடகருக்கு வந்தால் பெரும்பாலும் தராது.

ஆகவே முதலில் டிக்கெட், அடுத்து கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய ஓட்டல், அதன்பிறகு விசா, எல்லாவற்றுக்கும் கடைசியில் விமானம். டிக்கெட் விற்பனை பல மாதம் முன்பே நடந்துவிடும். பிரிட்டன் விசாவுக்கோ பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்தபின் முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். விசா கைக்கு வருமுன் விமானத்துக்குப் பணம் கட்டாதே. வாங்கும்போதும் தேதி மாற்றக்கூடிய கட்டணத்தையே எடு. கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு இறங்கு. அன்று காலை இறங்கி அன்று இரவே பாட்டு கேட்பதெல்லாம் வேண்டாம். விமானம் தாமதமானால் அத்தனையும் போச்சு. லண்டனோடு ஆம்ஸ்டர்டாமையும் சேர்க்கலாம் என்று தோன்றினால், அதற்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) தனியாக வேண்டும், பிரிட்டன் விசா அங்கே உதவாது.

இனி டிக்கெட். குழுவின் அதிகாரபூர்வத் தளத்தில் மின்னஞ்சலைப் பதிந்து வை. ரசிகர்களுக்கான முன்விற்பனைக் குறியீடு அந்த வழியில்தான் வரும். விற்பனை தொடங்குவது லண்டன் நேரப்படி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அதைக் கணக்கில் வை. இணைய வரிசையில் காத்திருப்பு அறைக்கு ஒரு மணி நேரம் முன்பே போனாலும் பத்து நிமிடம் முன்பு போனாலும் பெரும்பாலும் ஒன்றுதான். விற்பனை திறந்ததும் உள்ளே இருப்பவர்களுக்குக் குலுக்கிப் போட்டுத்தான் எண் கொடுப்பார்கள். அதற்குப் பின்னால் வருகிறவர்கள்தான் வால்பகுதிக்குப் போவார்கள். நாலைந்து டேப் திறப்பது, வி.பி.என். போடுவது எதுவும் வேண்டாம். உன்னை ரோபோ என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முந்தின நாளே திறந்து, வரம்பையும் பார்த்துக்கொள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவர்களுக்கு ஓடிபி வராமல் டிக்கெட் கைநழுவுவது இந்த இடத்தில்தான்.

எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதை முந்தின இரவே எழுதி வை. 2024-ல் ஒயாசிஸ் இசைக்குழுவின் டிக்கெட் விற்பனையின்போது சுமார் 150 பவுண்டு என்று நம்பி மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, முறை வந்தபோது திரையில் தெரிந்த விலை 350 பவுண்டுக்கு மேல். அந்த நிமிடத்தில் யாருக்கும் புத்தி வேலை செய்யாது. ‘பிளாட்டினம்’ என்று போட்டிருந்தால் அது அதே நாற்காலிதான், விலை மட்டும் கூடுதல். முதல் நாள் கிடைக்காவிட்டால் பதறி இடைத்தரகுத் தளங்களில் வாங்காதே. மேடை அமைத்து முடித்து, கேமராவுக்கும் ஒலிப்பலகைக்கும் (ஒலியைக் கலந்து சரிசெய்யும் மேசை) ஒதுக்கியதில் மிஞ்சிய இருக்கைகளைக் கச்சேரிக்கு முந்தின சில நாட்களில் விற்பனைக்கு விடுவார்கள். பல சமயம் அவை நல்ல இடங்களாகவே இருக்கும்.

கச்சேரி லண்டனின் ஓ2 அரங்கில் என்றால், அங்கே இருபதாயிரம் பேர் கொள்ளும். 101, 112 பிளாக்குகள் மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கும்: பாடுகிறவர்கள் பக்கத்தில் தெரிவார்கள், பின்திரை தெரியாது. 400-களில் தொடங்குபவை மேல்தளம், ஏணி போல் செங்குத்து. உயரம் பயம் என்றால் தொடாதே. என்னைக் கேட்டால் தரைத்தளத்தில் ஒலிப்பலகைக்குப் பக்கத்து இடம். ஒலிப் பொறியாளர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், அவர் கேட்பதையே நீயும் கேட்கலாம். நின்று பார்க்கும் டிக்கெட் எடுத்தால் கதவு திறப்பதிலிருந்து கடைசிப் பாட்டு வரை நாலு மணி நேரம் காலில் நிற்க வேண்டும், தெரிந்துகொள்.

டிக்கெட் போனில்தான் வரும். பல டிக்கெட்டுகளில் பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் பயனில்லை. ஓட்டல் வைஃபையில் இருக்கும்போதே போன் வாலட்டில் சேர்த்துவிடு. வாசலில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே செல்போன் கோபுரத்தை இழுக்கும்போது ரோமிங்கை நம்ப முடியாது. பவர்பேங்க் எடுத்துப் போ. பை ஏ4 தாள் அளவுக்குள் இருக்கட்டும். உள்ளே ரொக்கம் வாங்கமாட்டார்கள்.

அரங்கத்துக்கு ஜூபிலி லைனில் நார்த் கிரீனிச் நிலையம். நிலையத்துக்குள் நுழையும்போது கட்டணத்துக்காகக் கதவுக் கருவியில் போனைத் தட்டினால் வெளியே வரும்போதும் போனையே தட்டு. உள்ளே போன், வெளியே கார்டு என்று மாற்றினால் இரண்டும் பாதியில் நின்ற பயணமாகக் கணக்காகி, இரண்டுக்கும் உச்சக் கட்டணம் பிடிப்பார்கள். வெள்ளி, சனி இரவுகளில் அந்த லைன் விடிய விடிய ஓடும். மற்ற நாளில் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வை. கச்சேரி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் அந்த ஒரே நிலையத்துக்குள் இறங்கும். அரை மணி நேரம் தாமதித்துப் போ, இல்லாவிட்டால் படகுத்துறைக்கு நடந்துபோய்த் தேம்ஸ் படகில் ஏறு.

காதடைப்பான் வாங்கிக்கொள். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் பதினைந்து நிமிடம்தான். மஞ்சள் பஞ்சு ரகம் மேல் சுரங்களை விழுங்கிவிடும். இசைக்கலைஞர்கள் போடும் ஃபில்டர் ரகம் எடு, சத்தம் குறையும், பாட்டு கெடாது.

ஓட்டலை ரத்து செய்ய எந்தத் தேதி வரை அவகாசம் என்று மட்டும் எனக்கு எழுது, நானும் நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன்.

அம்மா